நாளைக்கு லீவு... யாருக்கு?

இரவு ஒன்பது மணி. வெளியே விடாத மழை. பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன், கையில் போனை வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாவட்ட ஆட்சியரின் பக்கத்தைத் திறந்து பார்க்கிறான். ஒருவழியாக அறிவிப்பு வந்துவிடுகிறது. "அம்மா... நாளைக்கு லீவு!" என்று அவன் போடும் கூச்சல் தெருமுனை வரை கேட்கிறது. எதிர் வீட்டிலிருந்தும் அதே கூச்சல்.

மழைக்காலத்தில் தமிழ்நாட்டின் எந்தத் தெருவிலும் நடக்கும் காட்சிதான் இது. ஆனால், அந்த ஒரு சொல் ஒரே வீட்டில் மூன்று பேர் காதில் மூன்று விதமாக விழுகிறது. பையனுக்கு, எட்டு மணி வரை தூங்கலாம் என்று அர்த்தம். ஐ.டி. வேலையில் இருக்கும் அப்பாவுக்கு, ஆபீஸ் போக வேண்டாம், வீட்டிலேயே லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் போதும் என்று அர்த்தம். அம்மாவுக்கோ காலை டிபன், மதியம் சுடச்சுடச் சாப்பாடு, நாலு மணிக்கு பஜ்ஜி, ராத்திரி தோசை. டிபன் பாக்ஸ் கட்டும் வேலை மட்டும்தான் இல்லை. மற்றதெல்லாம் இரட்டிப்பு.

விடுமுறை, பண்டிகை சம்பந்தப்பட்ட சொற்கள் எல்லாமே இப்படித்தான். எழுத்து மாறாது, உச்சரிப்பு மாறாது. உள்ளே இருக்கும் அர்த்தம் மட்டும் சத்தமில்லாமல் இடம் மாறிவிடும். தினமும் வாயில் புரளும் அந்தச் சொற்களில் சிலவற்றைப் பிரித்துப் பார்த்தால், சுவாரஸ்யமான பல கதைகள் கிடைக்கின்றன.

கேட்டு வாங்குவது லீவு

‘லீவு’ ஆங்கிலத்திலிருந்து வந்த சொல் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் அதன் பழைய பொருள் ‘அனுமதி’. மேலதிகாரியிடம் அனுமதி கேட்டு, அவர் ‘சரி, போய் வா’ என்று சொன்ன பிறகு போவது. நாளடைவில், அப்படி அனுமதி வாங்கிக்கொண்டு போன நாட்களுக்கே அது பெயராகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து எழுதிய லீவ் லெட்டரை நினைத்துப் பார்த்தால் புரியும். காய்ச்சல் என்று காரணம் சொல்லி, பணிவோடு கேட்டு, கடைசியில் கீழ்ப்படிதலுள்ள மாணவன் என்று கையெழுத்துப் போடும் அந்தக் கடிதம் முழுக்க அனுமதி கேட்பதுதான்.

தமிழ் இந்தச் சொல்லை வாங்கி, யார் கையில் அதிகாரம் இருக்கிறது என்பதற்கேற்ப வினைச்சொற்களைச் சேர்த்துக்கொண்டது. அரசாங்கம் லீவு ‘விடுகிறது’. ஊழியர் லீவு ‘போடுகிறார்’ அல்லது ‘எடுக்கிறார்’. கடைப் பையனுக்கு லீவு ‘கிடைக்கிறது’, பல நேரம் கிடைப்பதில்லை. வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு இந்த வினைகளில் ஒன்றும் ஒட்டுவதில்லை. ‘அம்மா இன்னிக்கு லீவு போட்டுட்டாங்க’ என்று யாராவது சொன்னால், அவர் வேலைக்குப் போகும் அம்மா என்றுதான் அர்த்தம். சமையலறைக்கு லீவு போட்டதாக யாரும் புரிந்துகொள்வதில்லை.

அலுவலகத் தமிழில் இரண்டு சொற்கள் உண்டு. எல்லோருக்கும் பொதுவாக விடப்படுவது விடுமுறை. ஒருவர் தனக்காக எடுத்துக்கொள்வது விடுப்பு. தற்செயல் விடுப்பு, ஈட்டிய விடுப்பு, மகப்பேறு விடுப்பு என்று அரசு ஊழியர்கள் அன்றாடம் எழுதும் சொல் அது. அதே சொல்லை யாழ்ப்பாணத்தில் சொன்னால் கதையே வேறு. அங்கே ‘விடுப்பு’ என்றால் அக்கம்பக்கத்துச் சேதி, வம்பு. ‘விடுப்புப் பார்க்கிறது’ என்றால், அடுத்த வீட்டில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்ப்பது. ‘மூன்று நாள் விடுப்பு எடுத்திருக்கேன்’ என்று சென்னைக்காரர் சொன்னால், யாழ்ப்பாணத்துப் பாட்டி சிரிக்காமல் என்ன செய்வார்!

இரண்டு சொற்களுக்கும் அடியில் இருப்பது ‘விடு’ என்ற வேர். விடுமுறை, விடுதலை, விடுதி எல்லாம் அந்த வேரிலிருந்து கிளைத்தவை. அறம், பொருள், இன்பம், வீடு என்ற வரிசையில் வரும் ‘வீடு’ம் அதே வேர்தான். அங்கே வீடு என்றால் எல்லாக் கட்டுகளிலிருந்தும் விடுபட்ட நிலை. வேலையை விட்டுவிட்டு வந்து இளைப்பாறும் இடத்துக்கும் வீடு என்றே பெயர். 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது, ஆபீஸும் பள்ளிக்கூடமும் அந்த வீட்டுக்குள்ளேயே நுழைந்தன. அதன் பிறகு பலருக்கு, வேலையை ‘விட்டு’ வர வேறு இடம் இல்லாமல் போயிற்று. இரவு பத்து மணிக்கும் மேலாளரின் செய்தி போனில் ஒளிரும் வீட்டில், ‘விடு’ என்ற வேர் கொஞ்சம் ஆட்டம் கண்டுதான் இருக்கிறது.

தூங்கும் இடம் பள்ளிக்கூடமானது

லீவு கேட்டுக் குழந்தைகள் துடிக்கும் இடம் பள்ளிக்கூடம். ஆனால், ‘பள்ளி’ என்ற சொல்லின் பழைய பொருள்களில் ஒன்று படுக்கை, தூங்குமிடம். அரண்மனையில் அரசன் தூங்கிய அறை பள்ளியறை. பாம்பணையில் படுத்திருக்கும் பெருமாள், பள்ளிகொண்ட பெருமாள்.

தமிழ்நாட்டின் மலைக்குகைகள் பலவற்றில் சமணத் துறவிகள் தங்கியிருந்தார்கள். அவர்கள் படுப்பதற்காகப் பாறையில் செதுக்கிய கல்படுக்கைகளைப் புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசலிலும், மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளிலும் இன்றும் பார்க்கலாம். துறவிகள் தங்கிய இடம் பள்ளி என்று அழைக்கப்பட்டது. அவர்கள் அங்கேயே கல்வியும் கற்பித்ததால், கற்கும் இடத்துக்கும் அதே பெயர் வந்தது என்பது பலரும் சொல்லும் விளக்கம். முஸ்லிம்கள் தொழும் பள்ளிவாசலிலும் அதே சொல் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையான ஒற்றுமை உண்டு. ஆங்கில ‘ஸ்கூல்’ என்ற சொல்லின் மூலம், ஓய்வு நேரத்தைக் குறித்த ஒரு கிரேக்கச் சொல். பிழைப்புக்காக ஓட வேண்டியிராத நேரத்தில்தான் பேசவும், யோசிக்கவும், கற்கவும் முடியும் என்பது அன்றைய கிரேக்கர்களின் எண்ணம். தமிழில் படுக்கை, கிரேக்கத்தில் ஓய்வு. இரண்டு மொழிகளிலும் இளைப்பாறலைச் சொன்ன சொல், கடைசியில் காலை எட்டரை மணி மணியோசையில் போய் நின்றது.

ஆங்கில ‘ஹாலிடே’யும் இடம் மாறிய சொல்தான். முதலில் அது ‘புனித நாள்’. தேவாலயத்துக்குப் போவதற்காக வேலையை நிறுத்திய நாள். பிறகு புனிதம் பின்னுக்குப் போய், வேலையை நிறுத்தியது மட்டும் முன்னுக்கு வந்தது. இன்று கோவாவுக்கு டிக்கெட் போடுபவருக்கும் அது ‘ஹாலிடே’தான்.

நிலா விட்ட லீவு

ஞாயிற்றுக்கிழமை என்றாலே விடுமுறை என்று நினைக்கப் பழகிவிட்டோம். ஆனால், அந்த வழக்கம் தமிழ்நாட்டில் அவ்வளவு பழையது இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இருந்த காலத்தில், பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டது வானத்து நிலாதான். அமாவாசை, பௌர்ணமி போன்ற திதிகளில் பாடம் கிடையாது. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் ‘உவா’ என்று தமிழில் பழைய பெயர் உண்டு. பேச்சுவழக்கில் அது ‘வாவு’ ஆனது. பள்ளிப் பிள்ளைகளின் விடுமுறைக்கும் அதுவே பெயராயிற்று. மலையாளத்தில் இன்றும் கருத்தவாவு, வெளுத்தவாவு என்ற சொற்கள் உயிரோடு இருக்கின்றன. தமிழில் ‘வாவு’ போய்விட்டாலும், அமாவாசையன்று வேலைக்கு வராத கொத்தனார்களும் தச்சர்களும் சில ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள்.

வெள்ளைக்காரர்கள் ஆட்சியில் அலுவலகங்களுக்கு ஞாயிறு விடுமுறை வந்தது. மில் தொழிலாளிகளுக்கு அது தானாகக் கிடைத்துவிடவில்லை. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகாண்டே என்ற தொழிலாளர் தலைவர் 1884-ல் வார விடுமுறைக் கோரிக்கையை எழுப்பினார். பல போராட்டங்களுக்குப் பிறகு, 1890 ஜூன் 10 அன்று மில் தொழிலாளிகளுக்கு ஞாயிறு விடுமுறை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பும் மதியத் தூக்கமும் சும்மா வந்தவை அல்ல.

இலங்கையில் இன்னொரு திருப்பம் நடந்தது. 1966-ல் அங்கே ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டு, நிலாவின் நாட்களான போயா தினங்களை வார விடுமுறையாக்கினார்கள். ஒரு வாரம் செவ்வாயில் லீவு வரும், அடுத்த முறை புதனில் வரும். கணக்கு வைத்துக்கொள்ள முடியாமலும், வெளிநாட்டு வியாபாரத்துக்கு ஒத்துவராமலும் போகவே 1971-ல் மறுபடியும் சனி, ஞாயிறுக்குத் திரும்பினார்கள். ஆனாலும் ஒவ்வொரு பௌர்ணமியும் அங்கே இன்றும் பொது விடுமுறைதான். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நிலா விட்ட லீவு, பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் மாதம் ஒருமுறை இன்னும் கிடைக்கிறது.

பட்டினி விருந்தானது

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் போனால் பண்டிகைக்கு ‘நோம்பி’ என்று பெயர். ‘நோம்பிக்குத் துணி எடுத்தாச்சுங்களா?’ என்று விசாரிப்பார்கள். தீபாவளியும் நோம்பி, பொங்கலும் நோம்பி, மாரியம்மன் திருவிழாவும் நோம்பி. இந்தச் சொல் ‘நோன்பு’ என்பதிலிருந்து வந்தது. நோன்பு என்றால் பொறுத்துக்கொள்ளுதல், பசியைத் தாங்குதல். பட்டினி கிடப்பதற்கு இருந்த சொல், கறிக்குழம்பு மணக்கும் நாளுக்குப் பெயராகிவிட்டது.

இதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. விரதம் இருந்து, சாமி கும்பிட்டு, அதன் பிறகு கூடிச் சாப்பிடுவதுதான் பழைய பண்டிகை முறை. காலப்போக்கில் முதல் பாதி தேய்ந்து, இரண்டாம் பாதி வளர்ந்தது. சொல் மட்டும் முதல் பாதியின் நினைவாக நின்றுவிட்டது.

தீபாவளிக்குச் செய்யும் ‘பலகார’மும் இதே வழியில் வந்ததுதான். வடமொழியில் பலம் என்றால் பழம், ஆகாரம் என்றால் உணவு. பலகாரத்தின் மூலப்பொருள் பழ உணவு, அதாவது விரத நாளில் சோற்றுக்குப் பதில் சாப்பிட்டது. பழம் போய், விரத இரவில் சாப்பிடும் இட்லி, தோசை போன்ற எளிய உணவு அந்தப் பெயருக்குள் வந்தது. இன்றைக்கும் அமாவாசை இரவு ‘பலகாரம்’ பண்ணும் வீடுகள் உண்டு. அங்கிருந்து இன்னும் நகர்ந்து முறுக்கு, அதிரசம், மிக்ஸர் வரை வந்துவிட்டது. டாக்டர் பலகாரத்தைக் குறைக்கச் சொல்கிறார், பழம் சாப்பிடச் சொல்கிறார். சொல் கிளம்பிய இடத்துக்கே திரும்பச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

நோன்பு என்ற சொல் அதன் பழைய பொருளோடு முழு வீச்சில் வாழ்வது ரமலான் மாதத்தில்தான். விடியலுக்கு முன்பிருந்து சூரியன் மறையும் வரை தண்ணீர்கூட அருந்தாமல் இருந்து, மாலையில் நோன்புக் கஞ்சியோடு அதை முடிக்கிறார்கள். அந்தக் கஞ்சி பக்கத்து வீடுகளுக்கும் போகிறது, மதம் பார்க்காமல். பள்ளிவாசல்களில் கஞ்சி காய்ச்சத் தமிழக அரசு அரிசி ஒதுக்குவதும் ஆண்டுதோறும் நடக்கிறது.

இங்கேயும் ஒரு சொல் இடம் மாறியிருக்கிறது. காலண்டரில் ‘ரம்ஜான்’ என்று சிவப்பு எழுத்தில் இருக்கும் நாள், ரமலான் மாதத்தில் வருவதே இல்லை. அந்த மாதம் முடிந்து, அடுத்த மாதமான ஷவ்வாலின் முதல் நாளில்தான் பெருநாள். நோன்பிருந்த மாதத்தின் பெயரை, நோன்பு முடிந்த நாளுக்கு ஊர் வைத்துவிட்டது. முஸ்லிம் குடும்பங்களில் புழங்கும் ‘நோன்புப் பெருநாள்’ என்ற பெயர் இன்னும் துல்லியமானது.

ஒரே நாள், இரண்டு பெயர்

பொங்கல் என்பது முதலில் ஒரு செயல். பால் பொங்கி வழிவது. பிறகு அப்படிச் சமைத்த உணவுக்குப் பெயர். பிறகு அதைச் சமைக்கும் நாளுக்குப் பெயர். இன்று எந்த ஓட்டலிலும் காலையில் ‘ஒரு பொங்கல், ஒரு வடை’ என்றால், தை மாதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சமூக ஊடகத்தில் ‘சும்மா பொங்காதே’ என்றால் கோபப்படாதே என்று அர்த்தம். முன்பெல்லாம் தை முதல் நாள் காலையில் தெருவில் பார்த்தவர்கள் ‘பால் பொங்கிச்சா?’ என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். வாழ்த்தே அந்தக் கேள்விதான். இப்போது பல வீடுகளில் பொங்கல் குக்கரில் வேகிறது. குக்கர் பொங்காது, விசில்தான் அடிக்கும். ‘ஹேப்பி பொங்கல்’ என்ற செய்தி அதற்கு முன்பே போனுக்கு வந்துவிடும்.

அடுத்த இரண்டு நாட்களுக்கு வீட்டில் ஒரு பெயர், அரசு விடுமுறைப் பட்டியலில் ஒரு பெயர். மாட்டுக்குப் பொட்டு வைத்துக் கொம்புக்கு வண்ணம் பூசும் நாள், வீட்டுக்கு மாட்டுப் பொங்கல், பட்டியலில் திருவள்ளுவர் தினம். மறுநாள் வீட்டுக்குக் காணும் பொங்கல், பட்டியலில் உழவர் திருநாள். மாடு இல்லாத, வயல் இல்லாத நகரத்துக் குடும்பங்களுக்கும் அந்த நாட்கள் விடுமுறைதான். அங்கே மாட்டுப் பொங்கலன்று மாட்டைப் பார்ப்பது பெரும்பாலும் டி.வி.யில்.

‘காணும்’ பொங்கலில் காண்பதும் மாறிவிட்டது. உறவினர் வீட்டுக்குப் போய், பெரியவர்களைக் கண்டு, காலில் விழுந்து ஆசி வாங்கி, அவர்கள் கையில் வைத்த காசோடு திரும்புவதுதான் அந்த நாள். சென்னையில் அது மெரினாவைக் காண்பது, வண்டலூரில் புலியைக் காண்பது என்று ஆகிவிட்டது. கடலில் யாரும் இறங்கிவிடாமல் இருக்க ஆண்டுதோறும் போலீஸ் தடுப்பு கட்டும் அளவுக்குக் கூட்டம். மனிதர்களைக் காணும் நாள், இடங்களைக் காணும் நாளாயிற்று. குறை சொல்லவும் முடியாது. வெளிநாட்டில் இருக்கும் பேத்தியைப் பாட்டி அன்று போனின் திரையில் காண்கிறார். அந்தச் சொல்லுக்கு அது மூன்றாவது பிறவி.

ராஜா போன உலா

சில சொற்கள் மேலே இருந்து கீழே இறங்கி வந்தவை. அந்த இறக்கம் நல்லதற்கே.

‘உலா’ என்பது அரசனோ தெய்வமோ வீதியில் பவனி வருவது. ஒட்டக்கூத்தர் மூன்று சோழ மன்னர்கள்மீது பாடிய மூவருலா அப்படிப்பட்டது. ராஜா யானைமீது வருவார், மக்கள் ஓரமாக நின்று பார்ப்பார்கள். இன்று ‘சுற்றுலா’ என்று பஸ்ஸில் ஏறி ஊட்டிக்குப் போகிறவர்கள் அந்த மக்களின் வாரிசுகள்தான். உலா போகும் உரிமை யானையிலிருந்து இறங்கி, ஜன்னலோர சீட்டுக்கு வந்துவிட்டது.

‘ஆயுத பூஜை’யும் அப்படியே. ஆயுதம் என்றால் வாளும் வேலும். ஆனால், இன்று பொட்டும் மாலையும் வாங்குவது ஆட்டோ, லாரி, தையல் மெஷின், சலூன் கத்தரி, ஆபீஸ் கம்ப்யூட்டர். சோறு போடும் எந்தப் பொருளும் ஆயுதம்தான் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. அருவாமனைக்கும் கிரைண்டருக்கும் பொட்டு வைக்கிறார்கள். வருடத்தில் ஒருநாள், சமையலறையும் ஒரு தொழிற்கூடம் என்று ஒத்துக்கொள்ளும் பண்டிகை அது. பொட்டு வைத்த கையோடு, அதே கிரைண்டரில் வடைக்கு அரைக்க வேண்டியிருக்கிறது என்பது தனிக்கதை.

‘விழா’ வேறு மாதிரி பயணித்தது. புகார் நகரத்தில் இந்திர விழா 28 நாட்கள் நடந்தது. மணிமேகலைக் காப்பியம் அந்த விழா அறிவிப்போடுதான் தொடங்குகிறது. ஊரே கூடுவதற்கு இருந்த அந்தச் சொல் இன்று பாராட்டு விழா, திறப்பு விழா, பாடல் வெளியீட்டு விழா என்று மேடை, மைக், பொன்னாடைக்குள் சுருங்கியிருக்கிறது. ‘ஊர்’ என்ற சொல்லுக்கும் இந்தச் சுருக்கம் நேர்ந்தது. முழுப்பரீட்சை லீவுக்கு ‘ஊருக்குப் போறோம்’ என்றால் ஒரே அர்த்தம்தான் இருந்தது, தாத்தா பாட்டி வீடு. கிணறு, மாந்தோப்பு, மொட்டை மாடித் தூக்கம். இப்போது அந்த இரண்டு மாதத்துக்கு ‘சம்மர் கேம்ப்’ என்று ஒரு பெயர் வந்திருக்கிறது. நீச்சல் கற்க ஒரு வகுப்பு, ஓவியத்துக்கு ஒரு வகுப்பு. அந்தக் கிணற்றில் மாமா கற்றுக்கொடுத்த நீச்சலுக்கு ஃபீஸ் கிடையாது.

பெயர் தொலைத்த பண்டிகை

‘விடுமுறை தினச் சிறப்பு நிகழ்ச்சி’ என்ற தொடர் தொலைக்காட்சி பார்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். சில பண்டிகைகளின் பெயரைச் சொல்லாமல் தவிர்ப்பதற்காக அது பயன்பட்டபோது, ஆண்டுதோறும் கிண்டலும் வாக்குவாதமும் நடந்தன. அந்த அரசியலை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், அதில் இன்னொரு விஷயம் தெரியும். காரணம் எதுவானாலும், மக்கள் கையில் மிஞ்சுவது விடுமுறை என்பது மட்டுமே.

மே தினம் அதற்கு நல்ல உதாரணம். இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினத்தைக் கொண்டாடியவர் சிங்காரவேலர். 1923-ல், சென்னையில். எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கையின் நினைவு நாள் அது. இன்று அது பலருக்குப் புதுப்படம் ரிலீஸாகும் நாள். வெள்ளியிலோ திங்களிலோ வந்துவிட்டால் ‘லாங் வீக்எண்ட்’. அன்றைக்கு எட்டு மணி நேரத்துக்கும் மேலாக பைக்கில் சுற்றி பிரியாணி டெலிவரி செய்யும் இளைஞருக்கு, அது தொழிலாளர் தினமும் இல்லை, விடுமுறையும் இல்லை.

இரட்டைச் சம்பளமும் மாற்று விடுமுறையும்

ஒரு விடுமுறை நாள் யாருக்காவது கிடைக்கிறது என்றால், வேறு யாரோ அதைச் சுமக்கிறார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போக பஸ் ஓட்டுபவர், துணிக்கடையில் நாள் முழுக்க நின்று புடவையை விரித்துக் காட்டும் பெண், பட்டாசுக் காயத்தோடு வருபவர்களுக்காக ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் நர்ஸ். இவர்கள் அகராதியில் ‘பண்டிகை’ என்றால் கூட்டம், ‘லீவு நாள்’ என்றால் கூடுதல் ஷிப்ட்.

சட்டம் இதை யோசித்திருக்கிறது. தமிழ்நாட்டில் தொழில் நிறுவனங்களுக்கான தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் 1958-ல் வந்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு, ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்துடன் விடுமுறை. அன்றைக்கு வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் மாற்று விடுமுறை தர வேண்டும். ‘லீவு’ முதலில் அனுமதியாக இருந்தது. பம்பாயின் லோகாண்டேவும் சென்னையின் சிங்காரவேலரும் நின்ற வரிசையின் உழைப்பால் அது உரிமையானது. இத்தனை சொற்கள் மாறியதில், மிகப் பெரிய மாற்றம் இதுதான்.

அந்த மாற்றம் வந்து சேராத இடம் ஒன்று உண்டு. அது சமையலறை. மத்திய அரசு 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாகச் செலவிட்ட நேரம் 299 நிமிடங்கள். ஈடுபடும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடங்கள். அதாவது பெண்ணுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். அதில் லீவு நாள், வேலை நாள் என்ற பேதம் இருந்தால், அது பெரும்பாலும் லீவு நாளில் கூடுவதாகத்தான் இருக்கும். வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் இது பொருந்தும். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வாரத்துத் துணியும், இட்லி மாவும், ஒட்டடையும் காத்திருக்கும் நாள்.

‘ஞாயிற்றுக்கிழமை சமையலுக்கு லீவு, வெளியே ஆர்டர் பண்ணிடலாம்’ என்ற வழக்கம் நகரங்களில் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் அதிலும் வேலை மறையவில்லை, ஓட்டல் சமையல்காரர் கைக்கும் டெலிவரி இளைஞர் கைக்கும் மாறியிருக்கிறது. வீட்டுக்குள்ளேயே கை மாறினால் அதற்குச் செலவில்லை.

பழைய சொற்களின் கதை இந்த விஷயத்தில் ஒரு நம்பிக்கை தருகிறது. எந்தப் புலவரும் கூடி முடிவெடுத்து ‘நோம்பி’யை விருந்தாக்கவில்லை. யாரும் உத்தரவு போட்டு, தையல் மெஷினை ஆயுதமாக்கவில்லை. ஜனங்கள் அந்த நாளில் செய்தது மாறியது, சொல் பின்னாலேயே போயிற்று. ‘லீவு’ என்ற சொல்லும் அப்படித்தான் மாறும், அந்த நாளில் யார் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்து.

மறுபடியும் அந்த மழை இரவு வரும். போனில் அறிவிப்பு வரும். பையன் கூச்சல் போடுவான். அதோடு நிறுத்தாமல், 1958-ம் வருடச் சட்டத்தை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிடலாம். இரட்டைச் சம்பளம் முடியாது, மாற்று விடுமுறை முடியும். நாளைய பஜ்ஜி அம்மா கையால் என்றால், ஞாயிற்றுக்கிழமை காலை உப்புமா பையன் கையால், மதியச் சாப்பாடு அப்பா கையால். முதல் தடவை உப்புமா கட்டி தட்டும், சாம்பாரில் உப்பு கூடும். பரவாயில்லை. அன்றைக்கு எட்டு மணி வரை தூங்கப்போவது அம்மா.